இடப்பக்கத்துக் குழாய்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. பக்கத்து வீட்டு எலோய்சா என் தட்டில் பச்சை மிளகாய்க் குழம்பை ஊற்றிக்கொண்டே, "நீ என்னென்னமோ எழுதறியாமே. என் கல்யாணக் காரப் பத்தி எழுதேன்" என்றாள். சாப்பிடுகிற கையோடு எப்படி மறுப்பது?

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "நியூ மெக்சிகோவின் மலைகளுக்குப் பின்னால் சூரியன் மெல்ல—"

வேண்டாம். எங்கள் ஊர் எஸ்பன்யோலாவில் மலையைப் பற்றி யார் பேசுகிறார்கள்? வாயைத் திறந்தால் கார்தான்.

இரண்டாவது தொடக்கம்: "கல்யாணத்துக்கு முந்தைய நாள் காலையில் மணப்பெண் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள்." இது தேவலை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

கல்யாணத்துக்கு முந்தைய நாள் காலையில் மணப்பெண் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள். கார் பழைய இம்பாலா. எங்கள் ஊரில் கல்யாணக் கார் மாதா கோயில் வாசலில் கும்பிட்டாக வேண்டும். ஸ்விட்சைத் தட்டினால் பின்பெட்டியில் இருக்கும் பம்ப் ஆயிலைத் தள்ளி முன்பக்கத்தை உயர்த்தும். இன்னொரு தட்டு தட்டினால் மூக்கு நேராகத் தரைக்கு இறங்கும். எலோய்சாவின் காரில் ஆயில் கசிந்து இடப்பக்கம் தானாகவே இறங்கிக்கொண்டிருந்தது. கும்பிடச் சொன்னால் நொண்டியது.

மாப்பிள்ளை தெல்ஃபினோவிடமும் ஒரு கார் இருந்தது. இருவருக்கும் ஒப்பந்தம்: எந்தக் கார் ஒழுங்காகக் கும்பிடுகிறதோ அதில்தான் கோயிலுக்குப் போவது, அதன் சொந்தக்காரர்தான் ஓட்டுவது.

எலோய்சாவுக்கு இது விளையாட்டு இல்லை. முதல் கல்யாணத்துக்கு அவள் மாப்பிள்ளையின் காரில், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனாள். அந்தக் கல்யாணம் முறிகிற வரைக்கும் அந்த சீட்டை விட்டு எழ முடியவில்லை. ஐம்பதைத் தாண்டி இரண்டாவது முறை போகிறாள். இந்தத் தடவை ஸ்டியரிங் தன் கையில் இருக்க வேண்டும் என்று அவளுக்கு வெறியே இருந்தது.

தெல்ஃபினோ வந்து எட்டிப் பார்த்தான்.

"என்ன, உன் காரு அழுவுது போல?"

"வேர்க்குது. நீ உன் வேலையப் பாரு."

"என் வேலை முடிஞ்சுது. சீட்டெல்லாம் தொடச்சாச்சு. பக்கத்து சீட்ட மட்டும் ரெண்டு தரம் தொடச்சேன்."

"அதுல உங்கம்மாவ உக்கார வச்சு ஊரச் சுத்து."

3

(இந்தப் பகுதியில் கொஞ்சம் இரும்புச் சாமான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள், இது இல்லாமல் கதை இல்லை.)

எலோய்சாவின் பம்ப் ஒரு பழைய போர்விமானத்தின் வயிற்றிலிருந்து வந்தது. அதிலிருந்து இடச் சக்கரத்துக்குப் போகும் எஃகுக் குழாய் தெல்ஃபினோ கொடுத்தது.* அவனே வளைத்து, முனையைப் பூ மாதிரி விரித்து, பளபளவென்று தேய்த்துக் கொடுத்திருந்தான். நட்டு விரலால் திருப்பினாலே வழுக்கிக்கொண்டு ஏறியது. நட்டின் திருகு மரை ஒத்துப்போனால் இணைப்பே ஒத்துப்போயிற்று என்று நம்புவது இந்தக் கார்க் கூட்டத்தின் பரம்பரை வியாதி. எலோய்சாவும் நம்பினாள். கசிந்தது, முறுக்கினாள். இன்னும் கசிந்தது, இன்னும் முறுக்கினாள்.

* நிச்சயதார்த்தப் பரிசு. மோதிரம் தனி. "மோதிரத்த விட இதத்தான் அதிக நேரம் பாத்துக்கிட்டிருந்தேன்" என்பாள்.

கடைசியில் குழாயைக் கழற்றித் துடைத்துவிட்டு, தங்கையின் பையில் கைவிட்டாள்.

"அக்கா, அது நாளைக்கு நீ போடவேண்டிய லிப்ஸ்டிக்கு" என்றாள் தங்கை கொரின்.

"உதட்டுக்கு மிச்சம் வைப்பேன், பொலம்பாதடி."

குழாயின் வாய் போய் உட்காரும் பம்ப் பக்கத்துக் கூம்பில் சாயத்தைப் பூசி, நட்டை ஏற்றி, மறுபடி கழற்றினாள். குழாயின் வாய்க்குள் அகலப் பட்டையாகச் சிவப்பு ஒட்டியிருக்க வேண்டும். மயிரிழை மாதிரி ஒரு வளையம்தான் இருந்தது.

"மரை ஒண்ணுதான்டி. சாய்வு வேற" என்றாள் எலோய்சா. விமானக் கூம்புக்கு முப்பத்தேழு பாகை. குழாயின் வாய் கார் பிரேக்குக்கு விரிப்பதுபோல நாற்பத்தைந்து. நாள் முழுக்க முறுக்கினாலும் விளிம்பு மட்டும்தான் தொடும்.

(இங்கே இதைத் தாம்பத்தியத்துக்கு உவமையாக்கி ஒரு பத்தி எழுதினேன். எனக்கே கூச்சமாக இருந்ததால் அடித்துவிட்டேன்.)

4

வாயை வெட்டிவிட்டுச் சரியான சாய்வில் திரும்ப விரிக்க வேண்டும். நல்லவேளையாக, வெட்டினாலும் எட்டும் அளவுக்குக் குழாயின் வளைவில் கொஞ்சம் நீளம் மிச்சம் இருந்தது. கருவிதான் இல்லை. தெல்ஃபினோவுக்கு போன் போட்டாள்.

"விமானச் சாய்வுக்கு வாய் விரிக்கிற கருவி யாருகிட்டயாவது இருக்குமா?"

அந்தப் பக்கம் கருவிப்பெட்டியை மூடும் சத்தம் கேட்டது.

"என்கிட்டயே இருக்கு."

கொண்டுவந்தான். பானெட் மேல் வைத்தான். ஒரு கிண்டல்கூடச் செய்யாமல் திரும்பிப் போனான். அதுதான் எலோய்சாவுக்கு உறுத்தியது.

எனக்கும் உறுத்துகிறது. கருவி கையில் இருக்கும்போது ஏன் தப்பாக விரித்தான்? தவறா, சதியா? கதாசிரியருக்குத் தெரிந்தாக வேண்டும். இருவரையும் தனித்தனியாகக் கேட்டேன்.

எலோய்சா: "தெரியாம செஞ்சுட்டான்னு எழுது. ஏமாத்துக்காரனக் கட்டிக்கிட்டேன்னு ஊரு பேசக் கூடாது."

தெல்ஃபினோ: "வேணும்னே செஞ்சான்னு எழுது. குழாய்க்கு வாய் விரிக்கத் தெரியாதவன்னு பேரு வந்துச்சுன்னா எவன் என்கிட்ட வண்டிய விடுவான்?"

என்னத்தைச் சொல்ல.

5

எது எப்படியோ, நடந்தது நடந்தது. எலோய்சா வெட்டினாள், விரித்தாள், பூட்டினாள். ஒரு சொட்டு ஆயில் வெளியே வரவில்லை. மறுநாள் வெள்ளை உடுப்போடு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஊருக்குள் ஓட்டிவந்தாள். பக்கத்து சீட்டில் தெல்ஃபினோ, மடியில் பூங்கொத்து. கோயில் வாசலில் இம்பாலா மூக்கை நேராக இறக்கிக் கும்பிட்டது. கூட்டம் கைதட்டியது. எலோய்சா சந்தோஷத்தில் அழுதாள், மை கலைந்துவிட்டது என்று கொரின் திட்டினாள்.

இங்கேயே முடித்திருக்கலாம். முடித்தும்விட்டேன். கீழே கோடுகூடப் போட்டேன்.

6

நேற்று தெல்ஃபினோ என் வீட்டு வாசலுக்கு வந்தான்.

"நாளைக்கு எங்க வீட்டுல அந்தக் கதைய வாசிச்சுக் காட்டப்போறியாமே?"

"ஆமா. எலோய்சா கேட்டா."

கொஞ்ச நேரம் என் வேலியை ஆட்டிப் பார்த்தான்.

"நான் சொன்னது பொய்யி. அவ சொன்னதும் சரியில்ல. கைப்பழக்கத்துல பிரேக் கருவிய எடுத்துட்டேன். பாதி விரிச்சப்பதான் ஞாபகம் வந்துச்சு, அது விமானப் பம்புன்னு. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல."

"ஏன்?"

"அவ ஒரு தரமாவது எனக்குப் பக்கத்துல உக்காந்து வரணும்னு ஆசையா இருந்துச்சு. அவ எனக்குக் கெடைச்சத ஊரு பாக்கணும்ல. அந்த சீட்டுல உக்காந்து அவ என்ன பட்டான்னு அப்ப நான் யோசிக்கவே இல்ல."

இதை வாசி என்றும் அவன் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வேலியை விட்டுவிட்டுப் போய்விட்டான்.

7

இன்று மாலை அவர்கள் வீட்டில் உட்கார்ந்து, தமிழில் எழுதியதை அவர்கள் மொழியில் வரிவரியாகச் சொல்லிக்கொண்டு போவேன். தமிழ் அவர்களுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டி ஆறாம் பகுதியைத் தாண்டிவிட்டால் யாருக்கும் தெரியாது, உங்களையும் தெல்ஃபினோவையும் தவிர.

ஐந்தாம் பகுதி முடியும். எலோய்சா சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். புருஷனின் தோளில் ஓர் இடி இடிப்பாள். அவன் சிரிக்க மாட்டான். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு என் கையையே பார்ப்பான். என் வாயால் உண்மையைச் சொல்லவைக்கப் பார்க்கிறானா, இல்லை மறைக்கச் சொல்லிக் கெஞ்சுகிறானா, அந்த முகத்திலிருந்து எனக்குப் பிடிபடாது. உங்களுக்குப் பிடிபட்டால் நீங்களே வாசியுங்கள், இல்லை நீங்களே புரட்டுங்கள். தாளை உங்கள் பக்கம் நகர்த்திவிட்டேன்.

"அப்புறம்?" என்கிறாள் எலோய்சா.