பெரிய பனியன் யாருக்கு?

என் தம்பி மனைவி இரண்டு பனியன்களைக் கொண்டுவந்து தையல் மேஜைமேல் வைத்தபோதே எனக்கு எங்கேயோ இடித்தது. தம்பி காய்ச்சலில் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. அவன் நினைவாக அரை மாரத்தான் ஓடப்போகிறாளாம், இருபத்தொரு கிலோமீட்டர். முதுகுப்பக்கம் அவன் படம் அச்சடித்த துணியை வைத்துத் தைத்துத் தர வேண்டுமாம். சரி, ஓடட்டும். சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடப்பதற்கு இது தேவலை. ஆனால் பனியன் ஏன் இரண்டு? ஒன்று அவள் அளவு. மற்றது அகலமான தோள் உள்ள ஆண்பிள்ளை போடுவது. துணி திருத்தும் கடையில் இத்தனை காலம் உட்கார்ந்திருக்கிறேன், சட்டையைத் தொட்டாலே உள்ளே வரப்போகும் ஆள் தெரிந்துவிடும்.

யாருக்கு இது என்று கேட்டேன்.

"கூட ஓடுறவருக்கு, அண்ணி" என்றாள். ஊசி டப்பாவைப் பார்த்துச் சொன்னாளே தவிர, என்னைப் பார்க்கவில்லை.

என் தம்பி ஓடுகிற ஆளே இல்லை. ஒருமுறை படியில் விழுந்து முட்டியை உடைத்துக்கொண்டான். மாதக்கணக்கில் அவனைத் தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, கட்டு மாற்றியது நான். எழுந்து நடந்த அன்றைக்கே சொல்லிவிட்டேன், இனி நீ ஓடுவதைப் பார்த்தால் இன்னொரு காலை நானே உடைப்பேன் என்று. அதற்குப் பிறகு முதல் மாடிக்குக்கூட லிஃப்டில்தான் போவான். அப்படிப்பட்டவன் நினைவாக ஓட்டமா? யார் காதில் பூச்சுற்றுகிறாள்?

அன்றிலிருந்து அவளை நோட்டம் விட ஆரம்பித்தேன். இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், அதனால் சிரமமில்லை. விடியுமுன் எழுந்து போனாள். போனைக் கவிழ்த்து வைத்தாள். நான் அறைக்குள் நுழைந்தால் பேச்சு பாதியில் நின்றது. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் குளியலறையில் அவள் தனக்குத்தானே சிரித்தது கேட்டது, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எனக்குக் கல்யாணம் காட்சி எதுவும் நடக்கவில்லை. அப்பா அம்மாவும் இல்லை. கடையை மூடிவிட்டு வந்தால், "சாப்டீங்களா அண்ணி?" என்று கேட்க உலகத்தில் அவள் ஒருத்திதான். அவளையும் எவனோ கொத்திக்கொண்டு போய்விட்டால் நான் யாருக்கு அண்ணி?

ஒரு காலை பஸ் ஜன்னலிலிருந்து கையும் களவுமாகப் பார்த்தேன். பூங்காவைச் சுற்றிப் போகும் சாலையில் இருவரும் சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தார்கள், கையோடு கை. கண்ணாடியில் அழுக்கு, அவன் முகம் தெரியவில்லை. அன்றே பனியன்களைத் தைத்து முடித்தேன். பெரியதில் மட்டும் படத்தைக் கொஞ்சம் கோணலாக வைத்துத் தைத்தேன். தொழிலில் வேண்டுமென்றே நான் செய்த தப்பு அது ஒன்றுதான்.

ஓட்டத்தன்று நான் வர வேண்டாம் என்றாள், வெயிலில் நிற்க வேண்டியிருக்குமாம். ஓகோ என்று நினைத்துக்கொண்டேன். சொல்லாமல் கொள்ளாமல், தண்ணீர் கொடுக்கும் தொண்டர்களோடு என் பெயரையும் சேர்த்துவிட்டேன். முடிவுக் கோட்டுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் இருந்த கடைசித் தண்ணீர் மேஜை எனக்குக் கிடைத்தது. தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு காத்திருந்தேன்.

வெகுநேரம் கழித்து வந்தார்கள். அவள் நொண்டிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவன், என் தம்பியைவிட இளையவன். இரண்டு கைகளுக்கும் நடுவே ஒரு முழக் கயிறு, இரு முனையிலும் வளையம், ஆளுக்கொரு வளையம் விரலில். அவன் மார்பில் 'பார்வையற்றவர்' என்று எழுதியிருந்தது. எழுதியிருந்தால் ஆயிற்றா? பேசாமல் அவன் முகத்துக்கு நேரே தண்ணீரை நீட்டினேன். கை வரவில்லை. அப்போதும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை.

அவளுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. நடைபாதையில் உட்கார்ந்து நிமிர்ந்தவள் தொப்பிக்குக் கீழே என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். அழுகையும் பயமுமாக எல்லாவற்றையும் கொட்டினாள். தம்பியின் முட்டிக்குப் பயிற்சி கொடுத்துக் குணமாக்கிய பிசியோதெரபிஸ்ட் இவர்தானாம். கால் சரியானபின் தினமும் இவருக்கு வழிகாட்டியாக ஓடியது என் தம்பியாம். அக்காவிடம் மூச்சு விடாதே, வீட்டை இரண்டாக்கிவிடுவாள் என்று இவளிடம் சத்தியம் வாங்கியிருந்தானாம். லிஃப்டில் போனதெல்லாம் எனக்காக நடித்த நடிப்பு.

கயிற்றைக் கழற்றி என் விரலில் மாட்டினாள். இழுக்கக் கூடாது, விடாமல் பேசிக்கொண்டே போக வேண்டும், முடிவுக் கோட்டை அவர்தான் முதலில் தாண்ட வேண்டும் என்றாள். பேசுவதற்கா எனக்குச் சொல்லித்தர வேண்டும்?

செருப்புக் காலோடு வேகமாக நடந்தேன், அவர் என் நடைக்கு வேகத்தைக் குறைத்துக்கொண்டார். மேடு வருது, காலைத் தூக்கி வைங்க, அந்தப் பக்கம் எங்க போறீங்க, அங்க என்ன வச்சிருக்கு என்று வாய்க்கு வந்தபடி விரட்டினேன். அவர் சிரித்தார். என் தம்பியும் இப்படித்தான் வழியெல்லாம் திட்டிக்கொண்டே கூட்டிப் போவானாம், இதே வார்த்தைகளாம். என் வாய்க்குப் பயந்து ஒளிந்து ஓடியவன், என் வாயைத்தான் கூடக் கொண்டுபோயிருக்கிறான்.

முடிவுக் கோட்டின் ஆரவாரம் கேட்க ஆரம்பித்தபோது அவர் குரலைத் தாழ்த்தினார்.

"உங்ககிட்ட மறைக்க எனக்கு மனசு வரல. அவங்கள கல்யாணம் பண்ணிக்கட்டுமான்னு கேட்டிருக்கேன். அண்ணி சரின்னு சொன்னாத்தான், இல்லன்னா இந்தப் பேச்சே வேண்டாம்னுட்டாங்க."

ஆக, நான் சந்தேகப்பட்டது சரிதான். சரியாகப் போனதில் ஒரு சந்தோஷமும் இல்லை. வளையம் விரலில் தளர்வாகத்தான் இருந்தது, உதறினால் கழன்றுவிடும். வாயை மூடிக்கொண்டு நடந்தேன். இத்தனை நாள் அவள் சிரித்த சிரிப்பு, என் ஒரு வார்த்தைக்காகக் குளியலறைக்குள்ளேயே காத்துக் கிடந்திருக்கிறது. நினைக்கவே கேவலமாக இருந்தது.

அவர் நடை தடுமாறியது. ஒரு கை காற்றில் துழாவியது. "ஏதாவது பேசுங்க" என்றார். "நீங்க பேசலன்னா எனக்கு வழி தெரியாது."

முன்னால் சாக்கடை மூடி பெயர்ந்து கிடந்தது.

"இடது பக்கம் பள்ளம். எம்பக்கம் ஒட்டி வாங்க" என்றேன். அவர் ஒட்டி வந்தார், பள்ளத்தைத் தாண்டினோம். "இதெல்லாம் ரோட்டுல வச்சுக் கேக்குற விஷயமா? ஒழுங்கா ஓடி முடிச்சிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து கேளுங்க. அவளும் பக்கத்துல இருக்கட்டும்."