கதவு நிலையில் ஒரு பித்தளைத் துண்டு

கண் ஆராய்ச்சிக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது பொதுப் பட்டறை. மேலே எத்தனை ஆய்வுக்கூடம் உண்டோ அத்தனைக்கும் அந்த ஒரே லேத், அந்த ஒரே லேத்காரர். எலியின் தலையை அசையாமல் பிடிக்கும் கிடுக்கியோ, லென்ஸ் வைக்கும் வளையமோ, படத்தைக் கொடுத்தால் கடைந்து கொடுப்பார். எதற்கு என்று கேட்பது அங்கே வழக்கமில்லை. கேட்டால் அரைமணி நேரம் பாடம் எடுத்துக் காதைப் புளிக்க வைத்துவிடுவார்கள்.

அப்படித்தான் போன வாரம் மூன்றாம் மாடி ஆராய்ச்சிக்காரப் பெண் ஒரு பித்தளைத் துண்டு கேட்டாள். கட்டைவிரல் நகத்தளவு, ஒரு பக்கம் வளைவு. எங்கேயோ பார்த்த அளவாகப் பட்டது அவருக்கு. அதற்குமேல் யோசிக்கவில்லை. கடைந்து, ராவி, பளபளவென்று அவள் உள்ளங்கையில் வைத்தார். வேலை சுத்தமாக வந்ததில் கொஞ்சம் கர்வம்கூட.

இன்று மதியம் தங்கச்சி சாப்பாட்டுத் தூக்கோடு கீழே வந்தாள். அதே கட்டடத்தில் தரை துடைப்பவள். புருஷன் விட்டுப் போனபின் அவரே காலைப் பிடித்துக் கையைப் பிடித்து வாங்கிக் கொடுத்த வேலை. அவளும் பிள்ளையும் சாப்பிடுவது அதில்தான்.

"மூணாவது மாடியில இப்ப நமக்கு ராஜ மரியாதைண்ணே," என்றாள், வாய் நிறையச் சோற்றோடு.

"ஏன், உனக்கு நாற்காலி போட்டுட்டாங்களா?"

"போடுவாங்க, நீ போய்க் கேளு. லேசர் ரூம சொல்றேன். முன்னெல்லாம் கதவத் திறந்தா டக்குனு மெஷின் நின்னுடும். அந்தப் பொண்ணு என்னைக் கடிச்சுக் குதறிடும். இப்ப நிக்கறதும் இல்ல, திட்டும் இல்ல. நான் பாட்டுக்குப் போறேன், மேசைக்கடியில குனிஞ்சு துடைக்கறேன், வர்றேன்."

"ஏன் நிக்கல?"

"எனக்கென்ன தெரியும்? கதவு நிலையில புதுசா மஞ்சளா ஒண்ணு மின்னுது. மூக்குத்தி மாதிரி."

அவர் கையிலெடுத்த கவளம் அப்படியே நின்றது. அந்தக் கதவு நிலையில் விசையைத் திருகி மாட்டியவரே அவர்தான். கதவு திறந்தால் விசை விடுபடும், லேசர் செத்துவிடும். இப்போது அவர் கடைந்த துண்டு அந்த விசையை அமுக்கியே வைத்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒளி. மேசைக்கு மேல் நாலு விரல் உயரத்தில் ஓடும். கண்ணில் பட்டால் உள்ளே வெடித்துப் பார்வை போகும், வலிகூட இருக்காது. அதனால்தான் ஆராய்ச்சிக்காரர்கள் அதற்கென்று தனிக் கண்ணாடி மாட்டிக்கொண்டு போவார்கள், தலையை மேசை மட்டத்துக்கு இறக்கவே மாட்டார்கள். தரை துடைப்பவள் இறக்காமல் என்ன செய்வாள்?

"இன்னைக்கு அங்க போனியா?"

"போயிட்டுதான் வர்றேன். எந்திரிக்கும்போது பட்டுனு ஒரு சத்தம் கேட்டுச்சு. மேசையில இடிச்சுக்கிட்டேன் போல."

"வலிச்சுதா?"

"இல்லையே. இடிச்சா வலிக்கணுமில்ல?" தங்கச்சி தலையைத் தடவிப் பார்த்தாள்.

அதற்குள் ஆராய்ச்சிக்காரப் பெண் படியிறங்கி வந்தாள். கையில் படம்.

"அண்ணே, அதே மாதிரி இன்னும் மூணு வேணும். மத்த ரூம்லயும் கேக்கறாங்க. அவங்க கதவும் இதே தொல்லைதான். வாரக்கணக்கா காத்திருந்து மெஷின் கைக்கு வந்தா, யாராவது திறந்து மொத்தத்தையும் கெடுத்துடறாங்க."

அவர் தங்கச்சியின் தோளைப் பிடித்து அந்தப் பெண் பக்கம் திருப்பினார்.

"இடது கண்ண மூடிக்கிட்டு இவங்களப் பாரு."

"என்னண்ணே இது, சின்னப் புள்ள விளையாட்டு?"

"பாருன்னா பாரு."

"தெரியுது. கையில காகிதம். சட்டையில பேனா."

"இப்ப மத்தத மூடு."

தங்கச்சி மாற்றி மூடினாள். பார்த்தாள். தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"மூஞ்சியே இல்லண்ணே இவங்களுக்கு. சுத்தி முடி மட்டும் நிக்குது."

ஆராய்ச்சிக்காரப் பெண் சிரிக்கவில்லை. கண்ணைப் பற்றியே படித்தவள்.

"தூசி விழுந்திருக்கும்," என்று தங்கச்சி கண்ணைக் கசக்கிவிட்டுத் திரும்பப் பார்த்தாள். மறுபடியும் கசக்கினாள்.