மேஸ்திரிக்கு வந்த அரிப்பு

தோட்டத்து மேஸ்திரி சிகிச்சை அறைக்குள் நுழைந்ததுமே நர்ஸ் அவரை அடையாளம் கண்டுகொண்டாள். முகம் வீங்கி ஒரு கண் பாதி மூடியிருந்தது. கைகளில் கோடு கோடாகக் கொப்புளம். அவருக்குத்தான் அவளைத் தெரியவில்லை.

போன மாதம் இதே கொப்புளத்தோடு அவளுடைய தங்கை தோட்ட வேலையிலிருந்து வீடு திரும்பினாள். சுவரில் படர்ந்த விஷக்கொடியை வெறும் கையால் பிடுங்கச் சொன்னவர் இவர்தான். கையுறை கேட்டதற்கு, "பெரிய மகாராணி" என்றாராம். மறுநாள் அவள் கையைப் பார்த்துவிட்டு, ஒட்டுநோய் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்து வேலையை விட்டே துரத்தினார். அவள் குடித்த டம்ளரைக்கூட ஒருத்தரும் தொடவில்லை. தொழிலாளர் அலுவலகத்தில் கொடுத்த புகாரும் சாட்சியில்லாமல் கிடந்தது.

நர்ஸ் அவர் கைகளைச் சோப்பும் குளிர்ந்த தண்ணீரும் விட்டுக் கழுவினாள். டாக்டர் எழுதிய களிம்பை எடுத்து மேசையில் வைத்தாள். வழக்கமாகக் களிம்பு முதலில், படிவம் பிறகு. இன்று படிவத்தை முதலில் விரித்தாள்.

"வேலையில வந்ததுன்னா எழுதணும். ஒரு பிரதி தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகும். எப்படி வந்துச்சு?"

"கொடி வெட்டின கத்தியெல்லாம் எடுத்து வச்சேன். கொடியைத் தொடவேயில்ல."

"கத்தியில ஒட்டின கொடிப்பால் போதும். விஷக்கொடின்னு தெரியுமா?"

"வருஷக்கணக்கா தெரியும். மருந்தப் போடும்மா, உயிர் போகுது."

"சொறியாதீங்க. கையுறை இல்லாம யாரையாவது வேலைக்கு விட்டிருக்கீங்களா?"

அவர் களிம்பையே பார்த்தார். "ஒரு பொண்ண விட்டேன். அவளுக்கும் இதேதான் வந்துச்சு."

நர்ஸ் நிதானமாக எழுதினாள்.

"இது ஒட்டுமா?" அவர் குரல் தாழ்ந்தது. "வீட்டுல கைக்குழந்தை இருக்கு."

ஒட்டும் என்று சொல்ல நாக்கு துடித்தது. ஒரு வாரமாவது அவரையும் யாரும் தொடாமல் இருக்கட்டும். சிறிது நேரம் அவரைத் தவிக்கவிட்டாள். குழந்தை என்ன பாவம் செய்தது?

"கொப்புளம் ஒட்டாது. போட்டிருந்த துணியைத் துவைச்சிடுங்க. ஒட்டாதுன்னு இதுலயும் எழுதறேன். படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க."

அவர் படிக்காமலே போட்டார். அவள் களிம்பை எடுத்து விரல் விரலாகத் தடவினாள்.

"நீங்க துரத்தின பொண்ணு என் தங்கச்சி."

அவர் கையை வெடுக்கென இழுத்துக்கொள்ளப் பார்த்தார்.

"அசையாதீங்க, இன்னும் முடியல" என்றாள்.

அடுத்த வாரம் தங்கையின் புகார்மீது நடந்த விசாரணையில் அந்தக் காகிதத்தை வாசித்தார்கள். மேஸ்திரியை வேலையிலிருந்து நீக்கினார்கள். தங்கையைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை.

"இன்னும் எத்தன நாள் அவருக்கு அரிக்கும்?" என்று மட்டும் கேட்டாள்.

"ரெண்டு வாரமாவது."

"தூக்கமே வராதுக்கா."

"வராது" என்றாள் நர்ஸ். சொல்லும்போது இனித்தது. ஆனாலும் மனசு முழுசாக ஆறவில்லை.