முன் சக்கரங்கள் சறுக்கிய வளைவு

மனைவியை அடக்கம் செய்த மறுநாளே வேலைக்கு வந்து நின்ற டிரைவரைப் பார்த்ததும் ரயில் எஞ்சின் ஷெட் ஃபோர்மேன் எழுந்து வந்தார்.

“லீவு போட்டுட்டு வீட்டுல இருய்யா.”

“அங்க இருக்க முடியலங்க. எஞ்சினைக் குடுங்க, போதும்.”

ஃபோர்மேன் தலையைச் சொறிந்தார். “சரி, ஏறு. ஒரு தடவை சறுக்கவிட்டாலும் இறக்கிடுவேன். பின்னாடி ஜனங்க உக்காந்திருக்காங்க.”

அந்த எஞ்சினுக்கு ஷெட்டில் ‘ரெட்டைமாடு’ என்று பெயர். மலையேறும் அந்தக் குறுகிய தண்டவாளத்தில் அடிக்கு ஒரு வளைவு. நீள எஞ்சின் அதில் திரும்பாது. அதனால் ஒரே பாய்லருக்கு அடியில் சக்கரங்களை இரண்டு தொகுதியாகப் பிரித்து, முன்தொகுதி தனியே திரும்பும்படி கீல் வைத்திருந்தார்கள். பார்க்க ஜோர்தான், ஓட்டுகிறவனுக்குத்தான் திண்டாட்டம். முன் சக்கரம் பிடியிழந்து வெறுமனே சுற்றினால் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். தொகுதிக்கு ஒன்றாகப் புகைபோக்கியில் கேட்கும் இரண்டு மூச்சில் ஒன்று மட்டும் பதறி ஓடும். உடனே நீராவியைக் குறைத்து, சக்கரம் பிடிக்கத் தண்டவாளத்தில் மணல் தூவ வேண்டும். இந்த விஷயத்தில் நம் டிரைவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. தூக்கத்தில்கூடக் கண்டுபிடிப்பார் என்று கேலி செய்வார்கள்.

கரி அள்ளிப்போடும் ஃபயர்மேன் அவருடைய மச்சான், இறந்தவளின் தம்பி. அவன் கண்கள் வீங்கியிருந்தன. தனக்கு ஒரு சொட்டுகூட வரவில்லையே என்று டிரைவர் நினைத்தார். அந்த நினைப்பும் யாருக்கோ நடந்த சங்கதி மாதிரிதான் இருந்தது. மனசு மரத்துப்போயிருந்தது.

செங்குத்தான வளைவில் வண்டி தளர்ந்தது.

“மாமா, சறுக்குது!”

“அப்படியா?” என்றார் டிரைவர், கையை அசைக்காமல்.

மச்சான் மண்வெட்டியை எறிந்துவிட்டுப் பாய்ந்து, நீராவியை அடைத்து, மணல் பிடியை இழுத்தான். வண்டி கொஞ்சம் பின்னுக்கு நழுவி, பிறகு பிடித்துக்கொண்டது. பெட்டியில் ஏதோ குழந்தை வீறிட்டு அழுதது. அது மட்டும் டிரைவருக்குத் தெளிவாகக் கேட்டது.

மேல் ஸ்டேஷனில் ஸ்டேஷன் மாஸ்டர் ஃபோனும் கையுமாக நின்றார். “ஃபோர்மேன் கேக்கறார். எங்கயாவது சறுக்குச்சா?”

“இல்லீங்க சார், ஜம்முனு வந்துச்சு,” என்று மச்சான் வாய் கூசாமல் புளுகினான்.

டிரைவர் ஃபோனை வாங்கினார். “சறுக்குச்சுங்க. எனக்குக் கேக்கல. வேற ஆளை அனுப்புங்க.”

மச்சான் கொதித்துப்போனான். “ஏன் மாமா, நான்தான் பாத்துக்கிட்டேனே!”

“நீ கரி போடுவியா, எனக்குக் காதா இருப்பியா?” டிரைவர் கையைத் துடைத்துக்கொண்டார். எஞ்சினும் போயிற்று, இனி வீட்டுக்குத்தான் போயாக வேண்டும். “மாப்ளே, வேலை முடிஞ்சதும் வீட்டுக்கு வர்றியா?”

“எதுக்கு மாமா?”

“உங்கக்கா காயப்போட்ட துணி கொடியிலயே கெடக்கு. தனியா எடுக்க முடியல.”

மச்சான் தலையாட்டிவிட்டு மண்வெட்டியை எடுத்தான். டிரைவர் இறங்கி, கீழே திரும்பப்போகும் பெட்டிக்குப் போய், ஜனங்களோடு ஜனமாக உட்கார்ந்தார்.