தீவாணனுக்குப் பொன்னாடை

தீவாணன் என்ற பெயரில் துப்பறியும் நாவல் எழுதியது நான்தான். என் பெயர் அமுதம். பிறந்தது ஹட் பே, வாழ்க்கைப்பட்டது ஷாதிபூர், இரண்டுமே தீவு ஊர்கள்தான். சொந்தப் பெயரைப் போடாததற்குக் காரணம் உண்டு. ஒரு பெண் கொலைக்கதை எழுதினாள் என்றால், எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது வீட்டில் யாரைக் கொல்ல நினைக்கிறாள் என்பதாகத்தான் இருக்கும். அந்த வம்பு வேண்டாம் என்று நினைத்தேன். வேறு வம்பு வந்து சேர்ந்தது.

பதிப்பகத்தார் மெயின்லாண்டிலிருந்து கப்பலில் அனுப்பிய பார்சல் என் வீட்டுக்காரர் பிரகாசத்தின் எலக்ட்ரிக்கல் கடைக்கு வந்தது. எங்கள் முகவரி தபால்காரருக்குப் புரிய வேண்டுமானால் கடைப் பெயரைப் போட்டே ஆக வேண்டும். அவர் பிரித்தபோது மீன் வியாபாரி லாரன்ஸ் பக்கத்தில் நின்றிருக்கிறான். உள்ளே ஒரே புத்தகம் ஐந்து பிரதி. ஒரே புத்தகத்தை எவனாவது ஐந்து வாங்குவானா, எழுதினவனுக்குத்தான் அனுப்புவார்கள் என்று லாரன்ஸ் துப்பறிந்துவிட்டான். சாயங்காலத்துக்குள் என் வீட்டுக்காரர் எழுத்தாளர் ஆகிவிட்டார்.

அவர் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்து சிரித்தாராம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அந்தச் சிரிப்பே போதுமானதாக இருந்தது. வீட்டில் கேட்டேன்.

"நமக்குள்ள என்னடி நீ, நான்? மரியாதை வீட்டுக்குத்தான வருது," என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு வருஷம் மத்தியானத் தூக்கத்தை விட்டு, கைப்பேசியில் ஒற்றை விரலால் எழுதியிருக்கிறேன். உனக்கு எதுக்கு இந்த வேலை என்பதற்கு மேல் அந்த மனிதர் அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. புத்தகம் வந்த பிறகும் அட்டையைத் தவிர எதையும் பார்க்கவில்லை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? அவரே மறுத்துச் சொல்லட்டும் என்று பொறுத்திருந்தேன்.

ஐந்து பிரதியும் கைமாறிப் போயின. மறுபடி வரவழைப்பதென்றால் கப்பல் வர வேண்டும், அதனால் எல்லோரும் வரிசை போட்டுப் படித்தார்கள். பின்னால் நிற்பவர்களுக்காக ஒரு கட்டுப்பாடு உண்டாயிற்று. கொலையாளி பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொல்கிறவன் தொண்டையில் மீன் முள் சிக்கட்டும் என்று லாரன்ஸ் ஒரு பிரதியின் அட்டையில் மார்க்கரால் எழுதியே வைத்துவிட்டான். எல்லோரும் மரியாதையாகக் கட்டுப்பட்டார்கள். அதனால் யார் வாயைத் திறந்தாலும் முத்துராஜ் பேச்சுத்தான். முத்துராஜ் என்பது என் நாவலில் வரும் ஹட் பே எண்ணெய்ப்பனைத் தோட்டத்து மேஸ்திரி. அவன் ராட்சசன் என்றார்கள், அவனை மாதிரி ஒருத்தனிடம் நானே வேலை பார்த்திருக்கிறேன் என்றார்கள். என் வீட்டுக்காரரும் கடையில் உட்கார்ந்தபடி, முத்துராஜை எழுதும்போது எனக்கே பயமாக இருந்தது என்று சொல்ல ஆரம்பித்தார்.

கருத்துகளுக்குப் பஞ்சமில்லை. கான்ட்ராக்டர் நாகலிங்கம், இது பக்கா ஆம்பளை எழுத்து, பிணத்தை வர்ணித்திருக்கிற விதத்திலேயே தெரிகிறது என்றார். வாரம் தவறாமல் சூரை மீன் அறுக்கிற கைக்கு அது பெரிய விஷயமில்லை என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. லம்பா லைனில் இருக்கும் ரூபா டீச்சர், பெண்கள் பேச்சு அச்சு அசலாக இருக்கிறது, அண்ணன் உங்கள் பேச்சை எவ்வளவு கவனித்திருக்கிறார் பாருங்கள் என்று என்னிடமே வந்து சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து நான் பேசி அவர் காதில் விழுந்தது, சாப்பாடு ரெடி என்பது மட்டும்தான்.

இந்த நிலையில்தான் கோயில் மண்டபத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கூட்டம் அப்படியே உட்கார்ந்தது. தட்டில் பொன்னாடை தயாராக இருந்தது. லாரன்ஸ் மைக்கைப் பிடித்து, "அண்ணாச்சி கதை ஏக் நம்பர்," என்று ஆரம்பித்து வைத்தான். அடுத்துப் பேச எழுந்த என் வீட்டுக்காரர் மனித மனம், இருட்டு, நீதி என்று எங்கெங்கோ போய்வந்தார். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில், "ராத்திரி பகலா கண்ணு முழிச்சு எழுதினேன்," என்றார்.

அந்த 'எழுதினேன்' என்னை எழுப்பிவிட்டது.

பெண்கள் பக்கமிருந்து எழுந்து, வாசகி என்ற முறையில் ஒரு கேள்வி கேட்கலாமா என்றேன். எல்லோரும் சிரித்து, கேளுங்கள் என்றார்கள்.

"அந்தக் கதையில கொன்னது யாரு?"

மண்டபம் கொந்தளித்துவிட்டது. நாங்கள் இன்னும் படிக்கவில்லை, சொல்லக் கூடாது என்று பின்வரிசை முழுக்கக் கையை ஆட்டியது. என் வீட்டுக்காரருக்கு உயிர் வந்தது. வாசகர்கள் நலன் கருதி இதைச் சொல்வதற்கில்லை என்று மைக்கிலேயே அறிவித்தார்.

"சத்தமா வேண்டாம். லாரன்ஸ் தம்பி ரெண்டு தடவ படிச்சிருக்கு. அது காதுல மட்டும் சொல்லுங்க," என்றேன்.

நியாயமான யோசனை என்று பின்வரிசையே கைதட்டியது. அவர் என்னைப் பார்த்தார். விட்டுவிடேன் என்று கண்ணாலேயே கேட்டார். பொய் சொல்லக் கூடாது, எனக்கு இரக்கம் வந்தது. ஆனாலும் நான் உட்காரவில்லை.

அவர் மைக்கை லாரன்ஸ் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து அவன் காதில் ஏதோ சொன்னார். லாரன்ஸ் விழித்தான். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டான். மைக் கையில் இருப்பதை அவன் மறந்துபோயிருந்தான்.

"அரே அண்ணாச்சி, செத்ததே முத்துராஜ்தான?"

படித்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். படிக்காதவர்களுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. செத்தவனையும் கொன்றவனையும் மாற்றிச் சொல்கிற எழுத்தாளன் உலகத்தில் கிடையாது.

நான் மேடைக்குப் போய் லாரன்ஸின் காதில் ஒரு பெயர் சொன்னேன். எந்த அத்தியாயத்தில், எந்தக் கையால், எதற்காக என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "மதினி, நீங்களா?" என்றான்.

ஆமாம் என்றேன். என் வீட்டுக்காரர் மெதுவாக மேடையை விட்டு இறங்கி முன்வரிசையில் உட்கார்ந்தார். பொன்னாடையை யாருக்குப் போடுவது என்று தெரியாமல் தட்டை வைத்துக்கொண்டு நின்றார்கள். நானே எடுத்துப் போர்த்திக்கொண்டேன். ரூபா டீச்சர் மட்டும் எழுந்து நின்று கைதட்டினாள்.

நாகலிங்கம் தொண்டையைச் செருமினார். தனக்கு அப்போதே தோன்றியதாம், மூன்றாம் அத்தியாயம் கொஞ்சம் இழுவை என்று. பிரகாசம் பார்த்துத் திருத்திக் கொடுத்திருந்தால் இன்னும் நன்றாக வந்திருக்கும் என்றார். ஒரு நிமிஷத்துக்கு முன்பு வரை அந்தப் புத்தகத்தில் ஒரு குறையும் இல்லை. இப்போது இன்னும் இரண்டு மூன்று தலைகள் ஆமாம் என்று அசைந்தன.

எழுத்தாளருக்குப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து மைக்கை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"இழுவைன்னா இழுவைன்னே சொல்லுங்கண்ணே, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. புகழ்ச்சிதான் வழி தவறிப் போச்சு. திட்டாவது எனக்கு வந்து சேரட்டும்."