டோரீனின் நம்பர்

எங்கள் ஊரில் பிள்ளைகள் பேச ஆரம்பித்ததும் இரண்டு விஷயங்களை மனப்பாடம் செய்வார்கள். ஒன்று சொந்தப் பெயர், இன்னொன்று வீட்டுக் கடை நம்பர். கூட்டுறவுக் கடையில் பால் வாங்கினாலும் சரி, டிராக்டருக்கு டீசல் போட்டாலும் சரி, கல்லாவில் நிற்கும் நான் கேட்கும் முதல் கேள்வி அதுதான். கடைக்குத் தனி முதலாளி கிடையாது, உறுப்பினர்கள் எல்லோரும்தான் முதலாளி. வருஷக் கடைசியில் லாபத்தை, அவரவர் வாங்கிய அளவுக்குப் பிரித்து அவரவர் நம்பரில் போட்டுவிடுவோம். கல்யாணத் தேதியை மறந்த ஆண்கள் பலரை எனக்குத் தெரியும். நம்பரை மறந்தவன் கனடாவின் இந்த சஸ்காச்சுவான் மாகாணத்திலேயே கிடையாது.

ஒரெஸ்டும் மறக்கவில்லை. சிக்கலே அதுதான். அவன் சொல்லும் ஆறு நாலு ரெண்டு அவனுடையது இல்லை, டோரீனுடையது. அவள் அப்பா காலத்து நம்பர், அவர் போனபின் அவள் பெயருக்கு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து இவனும் அதையே சொன்னான். அவர்களுக்கு விவாகரத்தாகி ஆறு வருஷம். நாய் அவளுக்கு, மீன்பிடிப் படகு அவனுக்கு என்று எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டார்கள், நம்பரைத் தவிர. அவன் வாங்கிய ஒவ்வொரு ரொட்டிக்கும் அவள் பங்கு வளர்ந்தது. ஊரே சிரித்தது.

"உனக்குன்னு ஒரு நம்பர் எடுத்துக்கோயேன்டா. உன் சாப்பாட்டுக்கு அவளுக்கு லாபமா?" என்று விண்ணப்பத்தை நீட்டுவேன்.

"ம்" என்பான். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுவான். மூன்று விண்ணப்பம் அப்படியே போனது.

அந்த "ம்"தான் அவர்கள் கல்யாணத்தைத் தின்றது. "இருபது வருஷம் சுவரோட குடும்பம் நடத்தினேன் மார்லிஸ். சுவராவது குளிர்ல லேசா முனகும்" என்று டோரீன் என்னிடமே சொல்லியிருக்கிறாள். ஆஸ்பத்திரிச் சமையலறையை நடத்துகிறவள், வாய்க்குப் பூட்டு கிடையாது. ஆனால் வியாழக்கிழமை தவறாமல் என் கல்லாவுக்கு வந்து, பின்னால் யாரும் இல்லையே என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்துவாள்.

"என் நம்பர் இந்த வாரம் என்ன சாப்பிட்டுது?"

கல்லாவில் இருப்பவள் இதையெல்லாம் சொல்லக் கூடாது. நான் சொல்வேன். "ரெண்டு பன்றி சாப்ஸ், உருளைக்கிழங்கு, ஒரு டப்பா பீச் பழம், இருமல் மருந்து."

"இருமல் மருந்தா? எப்போ வாங்கினான்?"

"நேத்து. அவ்வளவு அக்கறைன்னா போன் பண்ணிக் கேளேன்டி."

"பண்ணா 'ம்'னுவான். அதுக்கு உன்னைக் கேக்கறதே மேல்."

போன ஜனவரியில் எங்கள் மேனேஜர் எங்கிருந்தோ மலிவாகத் தக்காளி பிடித்தார். வெளியே உறைபனி, கடைக்குள் சிவக்கச் சிவக்கத் தக்காளி. ஜனங்கள் அள்ளினார்கள். ஒரெஸ்ட் ஒரு பெட்டியை எடுத்து, ஓரத்தில் ஒட்டியிருந்த சீட்டில் பண்ணையின் பெயரைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான்.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

"லாரியில. ஏன்?"

"இந்தப் பண்ணைக்குத்தான் நான் லாரி ஓட்டினேன். அக்டோபர்ல வேலைய விட்டேன்." அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. "அங்க எஃப்ராயின்னு ஒருத்தன் இருக்கான். உங்க ஊர்லயாவது யார்கிட்டயாவது இங்க நடக்கறதச் சொல்லுங்கன்னான். சொல்றேன்னு வாக்குக் கொடுத்துட்டேன். கடைக் கூட்டம் எப்போ?"

ஆண்டுக் கூட்டம் பிப்ரவரியில். ஒரெஸ்ட் ஊருக்கு முன்னால் பேசப் போகிறான் என்பதையே என்னால் நம்ப முடியவில்லை. அவன் உறுப்பினரே இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அத்தனை வருஷம் அவன் அந்த நம்பரைச் சொல்லிக் கேட்டுக் கேட்டு, அது அவனுடையது என்றே என் மண்டையும் நம்பிவிட்டது போலிருக்கிறது.

கூட்டம் ஊர் மன்றத்தில் நடந்தது. முதலில் வேகவைத்த பன்றித்தொடை இறைச்சி, உருளைக்கிழங்கு, சாஸ்கட்டூன் என்ற காட்டுப்பழம் வைத்துச் சுட்ட இனிப்பு. அதற்கப்புறம்தான் ஜனநாயகம். வாசலில் தலைவர் எல்மர் மஞ்சள் அட்டைகளோடு உட்கார்ந்திருந்தார். நம்பரைச் சொன்னால் அட்டை கிடைக்கும், அட்டை இருந்தால்தான் பேச்சும் ஓட்டும். பெரிய பண்ணைக்காரனுக்கும் ஓர் அட்டைதான், கல்லாவில் நிற்கும் எனக்கும் ஓர் அட்டைதான்.

"ஆறு நாலு ரெண்டு" என்றான் ஒரெஸ்ட். இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தான்.

"அதுக்கு அட்டை கொடுத்தாச்சேப்பா. டோரீன் முன்னாடியே வாங்கிட்டா."

"அப்ப இப்பவே புதுசா சேர்ந்துக்கறேன்."

"இன்னிக்குச் சேர்ந்தா அடுத்த வருஷம்தான் ஓட்டு. விதி என்னுது இல்ல, நீங்க எல்லாரும் போட்டதுதான்."

அவன் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தான். காது சிவந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுந்து நானே அவன் சார்பில் பேசலாம். ஆனால் என்னவென்று பேசுவது? அந்தப் பண்ணையைக் கண்ணால் பார்த்தவன் அவன் ஒருவன்தான்.

"வேற ஏதாவது விஷயம் உண்டா?" என்று எல்மர் கேட்டதும் ஒரெஸ்ட் எழுந்துவிட்டான்.

"தக்காளி..." என்று ஆரம்பித்தான்.

"ஒரெஸ்ட், மன்னிச்சுக்கோ. அட்டை இல்லாம பேசக் கூடாது."

யாரோ சிரித்தார்கள். ஒரெஸ்ட் வாயை மூடிக்கொண்டான். பழக்கப்பட்ட வாய், உடனே மூடிக்கொண்டது. அவன் உட்காரப் போகும்போது முன் வரிசையில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது.

"எல்மர்!" டோரீன் எழுந்து நின்றாள். "இந்த ஆளு வாயத் திறப்பானான்னு நான் இருபது வருஷம் காத்துக்கிட்டிருந்தேன். இன்னிக்குத்தான் திறந்திருக்கான். நீ ஒரு நொடியில மூட வைக்கறியா?"

"டோரீன், விதி..."

"விதி எனக்கும் தெரியும். இது ஆறு நாலு ரெண்டோட அட்டை. இதுல பேச எனக்கு உரிமை இருக்கா? என் நேரத்த அவனுக்குத் தர்றேன். அந்த நம்பர்ல சேர்ந்ததுல பாதி அவன் தின்னு சேர்த்ததுதான்." கடைசி வரிசைவரை நடந்துபோய் அட்டையை அவன் கையில் திணித்தாள். "பேசு. 'ம்'னு மட்டும் சொன்னியோ, கொன்னுடுவேன்."

எல்மர் கூட்டத்தைப் பார்த்தார். ஆட்சேபம் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஒரெஸ்ட் அட்டையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "நான் அந்தப் பண்ணையில சரக்கு ஏத்தப் போவேன். வேலைக்காரங்கல்லாம் குவாத்தமாலாவுலேர்ந்து வந்தவங்க. பாஸ்போர்ட்ட முதலாளி வாங்கி வெச்சுக்கிட்டாரு. தகரக் கொட்டகையில படுக்கை. ஒருநாள் எஃப்ராயின் வந்து, சரக்கு ஏத்தி முடிக்கிற வரைக்கும் உங்க லாரிக்குள்ள உக்காந்துக்கலாமான்னு கேட்டான். ஏன்னேன். உள்ள சூடா இருக்குமேன்னான்." அட்டையை மறுபக்கம் திருப்பினான். "கண்ணாடிக் கூடாரத்துக்குள்ள தக்காளிக்கு ராத்திரி பூரா சூடு போடறாங்க. அவங்களுக்கு இல்ல. இது நம்ம கடை. அதான் சொல்றேன். சரி பண்ற வரைக்கும் வாங்க வேணாம்."

மேனேஜர் விலையைப் பற்றி ஏதோ சொன்னார், அதிலும் நியாயம் இருந்தது. பிறகு ஓட்டு. அட்டையை டோரீனிடம் திருப்பிக் கொடுத்தான் ஒரெஸ்ட். மன்றத்தில் முதலில் உயர்ந்த மஞ்சள் அதுதான். எல்மர் இரண்டு தடவை எண்ணினார். வாங்குவதில்லை என்று முடிவாயிற்று.

அந்தக் குளிர்காலம் முழுக்க டப்பாத் தக்காளிதான். முணுமுணுத்துக்கொண்டேதான் தின்றோம். பக்கத்து ஊர்க் கூட்டுறவுக் கடைகளும் கேள்வி கேட்க ஆரம்பித்தன. ஏப்ரலில் அந்தப் பண்ணையில் கணப்போடு கூடிய வீடுகள் எழும்பின, பாஸ்போர்ட்டுகளும் அவரவர் கைக்கு வந்தன. எஃப்ராயின் ஒரெஸ்டுக்குப் போன் செய்து சொன்னானாம்.

ஆனால் அதெல்லாம் பிறகு. கூட்டத்துக்கு அடுத்து வந்த திங்கட்கிழமை காலை ஒரெஸ்ட் என் கல்லாவுக்கு வந்து, மடித்து மடித்துக் கிழியப் போகிற விண்ணப்பம் ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினான். நான் கொடுத்த மூன்றில் ஒன்று. புது நம்பர் போட்டுக் கொடுத்தேன், உள்ளங்கையில் எழுதிக்கொண்டான். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். ஏனோ இல்லை. வியாழக்கிழமை டோரீன் வந்து கேட்டால் என்ன சொல்வேன்?

உள்ளங்கையைப் பார்த்துப் புது நம்பரைச் சொன்னான். சாப்ஸ், ரொட்டி, உருளைக்கிழங்கு எல்லாம் அதில் போட்டேன். பீச் பழ டப்பாவை மட்டும் தனியே தள்ளி வைத்தான்.

"இத மட்டும் ஆறு நாலு ரெண்டுல போடு."

"ஏன்டா?"

"வியாழக்கிழமை வருவால்ல. வந்து கேப்பா."

"உனக்குத் தெரியுமா? எப்பலேர்ந்து?"

"இருமல் மருந்து வாங்கினேன்ல, அதுக்கு ரெண்டாம் நாள் காலைல வாசல்ல சூப்பு இருந்துச்சு." பையைத் தூக்கிக்கொண்டான். "நம்பர மாத்தியிருந்தா அவளுக்கு எப்படித் தெரியும், நான் சாப்பிட்டேனா இல்லையான்னு?"

டப்பாவைப் பழைய நம்பரில் போட்டேன். கண் மங்கியதில் இரண்டு தடவை தப்பாக அழுத்தினேன்.

"ஒரு டப்பாதான்னு சொல்லு" என்றான். "மிச்சம் என்ன சாப்பிட்டேன்னு என்னையே கேக்கச் சொல்லு."

"கேட்டா பதில் சொல்லுவியா?"

"ம்" என்றான். கதவு வரை போனவன் திரும்பி வந்தான்.

"சொல்லுவேன்."