காலில்லாத பூச்சி

கரைவெட்டிப் பறவைகள் சரணாலயத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகலாம் என்று கவிதா சொன்ன நிமிஷத்திலிருந்து எனக்கு நிம்மதி போய்விட்டது. நான் பயந்தாங்கொள்ளிதான், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. வரதராஜன்பேட்டைக்குப் பக்கத்தில், முந்திரிக் கொல்லைகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் தொடக்கப்பள்ளிக்கு நான் தலைமையாசிரியை. என்னை விட்டால் இருக்கும் ஒரே ஆசிரியை கவிதா. சென்னையில் பிறந்து வளர்ந்தவள். பிள்ளைகளுக்கு நான் பெரிய டீச்சர், அவள் கவிதா மிஸ். மிஸ் ஒன்று சொல்லிவிட்டால் அவர்களுக்கு அது வேதவாக்கு. நான் சொன்னால் பாதி காதில் விழும்.

"ஏரி எவ்வளவு ஆழம்?" என்று கேட்டேன்.

"நாம உள்ள எறங்கப் போறதில்ல டீச்சர். கரையில நின்னுதான் பாக்கப் போறோம்."

"கரையில நிக்கிற புள்ளதாம்மா உள்ள வுழும்."

அவள் சிரித்துவிட்டாள். அவளுக்கென்ன, ஏதாவது ஒன்று ஆனால் ஊர் திரண்டு என் வாசலில்தான் வந்து நிற்கும். ஜெயங்கொண்டத்தைத் தாண்டினால் சிமெண்ட் லாரிகள் கண்மண் தெரியாமல் வரும். ஏரிக்கரை மரத்தில் தேன்கூடு இருக்கும். பறவை பார்க்கும் கோபுரத்தில் ஏறி எவனாவது எட்டிப் பார்ப்பான். இதையெல்லாம் வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர், "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நீ சோறு திங்கும்போதே விக்கிச் செத்துடுவோமான்னு யோசிக்கிறவ" என்றார். சொல்லிவிட்டுப் போகட்டும். அவர் பொறுப்பில் பிள்ளைகள் இல்லை.

கவிதா விடவில்லை. "வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டி வருது டீச்சர். நம்ம புள்ளைங்க அரியலூரைத் தாண்டினதில்ல" என்றாள். வேனை என் மைத்துனர் வேணுகோபால்தான் ஓட்ட வேண்டும், கரையில் பிள்ளைகள் எல்லாரும் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும் என்று சொல்லி ஒத்துக்கொண்டேன்.

தாய்மாரைக் கூட்டிச் சம்மதம் கேட்டோம். எல்லாரும் சரி என்றார்கள். கடைசியில் பின்னால் உட்கார்ந்திருந்த மலர்கொடி எழுந்தாள். மூன்றாம் வகுப்புப் பூங்குழலியின் அம்மா. அவள் புருஷன் இளையபெருமாள் போன வருஷம் முந்திரி மரத்தடியில் சருகு கூட்டும்போது பாம்பு கடித்துச் செத்துப்போனான். இருக்கிறது அந்த ஒரு பெண்தான்.

"அங்க பூச்சி இருக்குங்களா மிஸ்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நெறைய இருக்கும்மா! அதைப் பாக்கத்தானே போறோம். பாடமே பூச்சியும் பறவையும்தான்" என்றாள் கவிதா உற்சாகமாக.

மலர்கொடியின் முகம் வெளுத்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் விளக்கு வைத்த பிறகு பாம்பைப் பாம்பு என்று யாரும் சொல்வதில்லை. பேரைச் சொன்னால் வந்துவிடும் என்று பயம். பூச்சி என்போம். பொழுது விடிந்தால் அந்தப் பயம் போய்விடும், பாம்பு மறுபடி பாம்பாகிவிடும். ஆனால் இளையபெருமாளைப் பிணமாகக் கொண்டுவந்து போட்ட நாளிலிருந்து மலர்கொடியின் வீட்டில் பகலிலும் அந்தப் பேரை எடுப்பதில்லை. பிள்ளை வாய்தவறிச் சொன்னால்கூட வாயில் அடிப்பாள். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், எனக்கும் தெரியும். கவிதாவுக்குத் தெரியாது. நான் அந்த நேரத்தில் லாரியை நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் மலர்கொடி பள்ளிக்கூடத்துக்கே வந்து கவிதாவிடம் பேசினாளாம். நான் ஆபீஸ் அறையில் வேணுகோபாலிடம் டயர் புதுசா பழசா என்று போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

"கடிச்சுட்டா என்னங்க மிஸ் பண்றது?" என்று கேட்டிருக்கிறாள்.

"மருந்து வெச்சிருக்கேம்மா. தடவினா கொஞ்ச நேரத்துல சரியாயிடும். பூச்சிக்குப் போய் இவ்வளவு பயப்படலாமா?" என்று கவிதா பையிலிருந்து ஒரு களிம்பை எடுத்துக் காட்டியிருக்கிறாள். மலர்கொடி அந்தச் சின்ன டியூபை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாளாம். "இப்புடி ஒண்ணு இருக்கறது தெரியாமப் போச்சே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிள்ளையை அனுப்பச் சம்மதித்துவிட்டுப் போய்விட்டாள். படித்த பிள்ளை சொன்னால் பொய்யாகவா இருக்கும்? இதையெல்லாம் கவிதா என்னிடம் சொன்னது எல்லாம் முடிந்த பிறகு.

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் ஒத்திகை வைத்தாள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், கொல்லையை ஒட்டின வேலியோரம்தான் ஏரிக்கரை என்று வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பிள்ளை கையிலும் ஒரு லென்ஸ்.

"பூச்சியைக் கண்டா ஓடக்கூடாது, கத்தக்கூடாது. பக்கத்துல குந்தி உக்காந்து, எத்தனை காலுன்னு எண்ணணும்."

பூங்குழலி கையைத் தூக்கினாள். "ஓடவே கூடாதா மிஸ்?"

"ஓடவே கூடாது. நீ ஓடினா பாவம், அது பயந்துடும்."

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். பூங்குழலி சிரிக்கவில்லை. கீழே விழுந்தால் திரும்பக் கிடைக்காத பொருளைப்போல லென்ஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் நாற்காலியைப் போட்டு நிழலில் உட்கார்ந்து, கயிறு அறுந்துவிடுமா என்று இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகள் வேலியோரம் பரவினார்கள். எறும்பு கண்டவன் எறும்பு என்று கூவினான், வண்டு கண்டவள் வண்டு என்றாள். பூங்குழலி மட்டும் தனியாகப் போய், சுற்றுச்சுவருக்காக இறக்கி வைத்திருந்த செங்கல் குவியலுக்கு முன்னால் குந்தியிருந்தாள்.

"பூங்குழலி, என்ன இருக்கு அங்க?" என்று கவிதா தூரத்திலிருந்து கேட்டாள்.

"பூச்சி மிஸ்."

"சூப்பர்! எத்தனை காலு?"

பூங்குழலி லென்ஸை இப்படியும் அப்படியும் நகர்த்தினாள்.

"கால் இல்ல மிஸ்."

"நல்லாப் பாரு. பூச்சிக்கு ஆறு கால் இருக்கும். இன்னும் கிட்டப் போ."

பிள்ளை முழங்காலால் ஓர் அடி முன்னே நகர்ந்தது.

என் கையிலிருந்த கயிறு விழுந்துவிட்டது. மலர்கொடி கூட்டத்தில் கேட்டது, அவள் முகம் வெளுத்தது, இளையபெருமாள், எல்லாம் ஒரே நொடியில் என் தலைக்குள் வந்து மோதின. கத்த வாயைத் திறந்தேன், கத்தினால் பிள்ளை பதறும் என்று மூடிக்கொண்டேன். எப்படி எழுந்தேன், எப்படி நடந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கிட்டே போகப்போக அந்தச் சத்தம் கேட்டது. விசில் வருவதற்கு முன் குக்கர் சீறுமே, அந்தச் சத்தம்.

கண்ணாடி விரியன். செங்கல்லோடு செங்கல்லாகச் சுருண்டு கிடந்தது. பூங்குழலியின் முகத்துக்கும் அதற்கும் இடையில் அந்த லென்ஸ்தான் இருந்தது. அவள் கன்னம் முழுக்கக் கண்ணீர், பாவாடை நனைந்திருந்தது. உதடு மட்டும், "ஓடக்கூடாது, ஓடக்கூடாது" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

"பெரிய டீச்சர் வந்துட்டேண்டி. அப்புடியே இரு" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. பின்னாலிருந்து அக்குளில் கைகொடுத்து ஒரே இழுப்பாக இழுத்தேன். இரண்டு பேரும் மல்லாக்க விழுந்தோம். அவள் கையிலிருந்து நழுவிய லென்ஸ்மேல் விரியன் பட்டென்று ஒரு கொத்து கொத்தியது. பிறகு அது செங்கல்லுக்குள் போய்விட்டது.

பக்கத்துக் கொல்லை ஆட்கள் ஓடிவந்து குவியலையே கலைத்துப் பார்த்தார்கள். அகப்படவில்லை. நான் பூங்குழலியின் கை, கால், விரல் இடுக்கு என்று திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மாரியம்மா, ஒன்றும் இல்லை. பூச்சி என்றால் என்ன என்று கவிதாவிடம் நான்தான் சொன்னேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் சொன்ன நேரத்துக்கு வேன் வந்து நின்றது. பயணம் கிடையாது என்று சொல்லிவிடத்தான் நான் வாசலில் நின்றேன். அழுது வீங்கிய கண்களோடு கவிதா என் பின்னால் நின்றாள். முதலில் வந்தவள் மலர்கொடி. பிள்ளைக்குத் தலை பின்னி, சட்டையை இஸ்திரி போட்டு, கையில் சோற்றுப் பையோடு.

"யாரும் போவல மலர்கொடி. புள்ளய வூட்டுக்கு அழைச்சிட்டுப் போ" என்றேன்.

"ஏன் டீச்சர்? ஏரியிலயா வந்துச்சு? இங்கதான வந்துச்சு. வூட்டுல பூட்டி வெச்சா மட்டும் வராதுங்களா?"

அவள் சோற்றுப் பையைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளைக்கு முன்னால் மண்டியிட்டாள். கொல்லைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. எச்சில் கூட்டி விழுங்கிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள்.

"பாம்பு" என்றாள். "நேத்து நீ பாத்தது பாம்பு. ஒங்கப்பாவக் கடிச்சது பாம்பு."

பூங்குழலி பாய்ந்து அம்மாவின் வாயைக் கையால் பொத்தினாள். "சொல்லாதம்மா, வந்துடும்!"

மலர்கொடி அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள். "வந்தா வரட்டும். கண்டா பேரச் சொல்லிக் கத்தணும். கத்திக்கிட்டே ஓடணும். எங்க, சொல்லு."

பிள்ளை கவிதாவை நிமிர்ந்து பார்த்தது. "ஓடலாமா மிஸ்?"

"ஓடணும் கண்ணு" என்றாள் கவிதா.

"பாம்பு" என்றாள் பூங்குழலி. எனக்கே சரியாகக் கேட்காத அளவுக்குச் சின்னக் குரல். சொல்லிவிட்டுத் தன் காலடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

நானும் பார்த்தேன். அதன் பிறகுதான் வேன் கதவைத் திறக்கச் சொன்னேன்.